இருவாச்சியின் கூட்டுச் சுவரைக் கட்டுவது யார்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் அது ஒரு பறவையைப் பற்றியது. ஆண் இருவாச்சி செத்துப்போனால், மரப்பொந்துக்குள் அடைபட்டிருக்கும் பெண்ணும் குஞ்சும் பட்டினி கிடந்தே உயிரை விட்டுவிடும் என்று திருமண நாளன்று உங்கள் கணவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி மெய்யா, பொய்யா என்று கேட்கிறீர்கள். ஆனால் நீங்கள் கேட்க வந்தது கடைசி இரண்டு வரிகளில்தான் இருக்கிறது: அதைக் காதல் என்று சொல்லலாமா, விவரம் முழுவதும் தெரிந்த பிறகும் அந்தச் செய்தியைப் படித்தபோது வந்த சிலிர்ப்பு மிஞ்சுமா. முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியாகவே பதில் சொல்லலாம். மற்ற இரண்டுக்கும் நான் பார்த்ததை வைத்துத்தான் பேச முடியும்.

நான் பட்டம் பெற்ற ஆய்வாளன் அல்ல. வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன். ஆனைமலைக் காடுகளில் பறவைகளை ஆராய வந்தவர்களுக்குக் கள உதவியாளனாகப் பதினேழு ஆண்டுகள் வேலை செய்தேன். விடியுமுன் போய்க் கூட்டு மரத்துக்கு எதிரே மறைவில் உட்கார்ந்து, எது வந்தது, எத்தனை மணிக்கு, என்ன பழம், எத்தனை பழம் என்று நோட்டுப் புத்தகத்தில் குறிப்பதுதான் வேலை. அட்டைக்கடிக்குத் தனியாகக் கூலி கிடையாது. ஆகவே கீழே வருவதில் நான் கண்ணால் பார்த்ததும் உண்டு, மற்றவர்கள் ஆராய்ந்து எழுதியதும் உண்டு, வெறும் ஊகமும் உண்டு. எது எது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் நான்கு வகை இருவாச்சிகள் இருக்கின்றன. அந்தச் செய்தியோடு வந்த படத்தில் மஞ்சள் அலகும் அதன் மேல் கவிழ்த்த தோணி போல ஒரு புடைப்பும் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது பெரிய இருவாச்சி. அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை ஏறத்தாழ ஒரு மீட்டர், எடை மூன்று கிலோ அளவில் இருக்கும். கேரளத்துக்கும் அருணாசலப் பிரதேசத்துக்கும் அதுதான் மாநிலப் பறவை. அலகின் மேல் இன்னொரு அலகு வைத்ததுபோல இருப்பதால் 'இரு வாய்ச்சி' என்றார்கள், அதுவே இருவாச்சி ஆயிற்று என்பார்கள். ஆணையும் பெண்ணையும் கண்ணை வைத்தே பிரித்துவிடலாம்: ஆணுக்குச் சிவந்த விழி, பெண்ணுக்கு வெளிறிய விழி. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பொந்துக்குள் இருப்பது பெண், வெளியிலிருந்து ஊட்டுவது ஆண் என்பதில் யாருக்கும் சந்தேகமே வேண்டாம்.

இப்போது சுவருக்கு வருகிறேன். 'ஆண் பறவை தன் துணையைப் பொந்துக்குள் வைத்து அடைத்துவிடும்' என்று அந்தச் செய்தியில் இருந்ததாம். எனக்குப் பொறுக்காத வரி இதுதான். அடைப்பது பெண். டிசம்பர் கடைசியிலிருந்தே ஜோடி பொந்து பார்க்கக் கிளம்பிவிடும். இருவாச்சிக்கு மரங்கொத்தியைப் போல மரத்தைக் குடையத் தெரியாது. கிளை முறிந்த இடத்தில் பூஞ்சை அரித்து, பல ஆண்டுகளில் தானாக உண்டான பொந்துதான் வேண்டும். வயதான பெருமரங்களில்தான் அது கிடைக்கும். வாடகைக்கு வீடு பார்க்கிற கதைதான்: ஆண் எட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்திருக்கும், பெண் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வரும், மறுநாளும் வந்து பார்க்கும், பிடிக்கவில்லை என்றால் இரண்டும் வேறு மரத்துக்குப் போய்விடும். ஒரு நாள் உள்ளே போன பெண் வெளியே வராது. உள்ளே இருந்தபடியே தன் எச்சத்தையும், பழச் சக்கையையும், பொந்தின் தரையில் கிடக்கும் உளுத்த மரத்தூளையும் குழைத்து, அலகைக் கொத்தனாரின் கரண்டி போலப் பக்கவாட்டில் தட்டித் தட்டி வாசலைப் பூசும். வேறு சில இருவாச்சி இனங்களில் ஆண் ஈரமண் கொண்டுவந்து கொடுப்பதுண்டு. ஆனாலும் பூசுகிற வேலை பெரும்பாலும் உள்ளிருக்கும் பெண்ணுடையது. காய்ந்தால் அந்தப் பூச்சு கல் மாதிரி ஆகிவிடும். மேலிருந்து கீழாக ஓர் ஒடுங்கிய கீற்று மட்டும் மிஞ்சும். அது அலகு நுனி நுழைகிற அளவு.

அந்தக் கீற்று உணவுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பெண் திரும்பி உட்கார்ந்து, வாலைத் தூக்கி, எச்சத்தை அதன் வழியாகவே வெளியே பீய்ச்சிவிடும். நான்கு மாதக் குடித்தனத்தில் வீடு நாறாமல் இருப்பது இப்படித்தான். முதல் ஆண்டு விவரம் தெரியாமல் மரத்துக்கு நேர் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். பிறகு நிற்கவில்லை.

ஒரு பிப்ரவரிக் காலையைச் சொல்கிறேன். இடத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். கூடு இருக்கும் இடத்தை வெளியில் சொல்வதில்லை என்பது எங்களுக்குள் வழக்கம். ஏழு மணி இருக்கும், பனி விலகவில்லை. முதலில் சத்தம் வந்தது. பழைய நீராவி ரயில் மேடேறுகிற மாதிரி, ஹுஸ், ஹுஸ் என்று. ஆண் வந்து கூட்டு மரத்தில் உட்காராமல் பக்கத்து மரத்தில் உட்கார்ந்து தலையைச் சாய்த்து எங்கள் மறைவைப் பார்த்தது. பத்து நிமிடம் அசையவில்லை, நாங்களும் அசையவில்லை. பிறகு கூட்டு வாசலுக்குப் பறந்து, பட்டையில் நகத்தை ஊன்றி, வாலை மரத்தில் முட்டுக்கொடுத்து நின்றது. அலகில் எதுவும் இல்லை. தலையை ஒரு வெட்டு வெட்டியது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சிவந்த அத்திப்பழம் அலகு நுனிக்கு வந்தது. கீற்றுக்குள்ளிருந்து இன்னொரு அலகு நுனி நீண்டு அதை வாங்கிக்கொண்டது. மீண்டும் ஒரு வெட்டு, மீண்டும் ஒரு பழம். அன்று நான் குறித்தது முப்பத்தொன்று. அவ்வளவு பெரிய அலகு. ஒரு பழம்கூட நசுங்கவில்லை. கடைசியாக ஒரு பழம் நழுவிக் கீழே விழுந்தபோது, விழுந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பறந்துபோயிற்று. அன்று மாலைக்குள் அது ஏழு முறை வந்தது.

அடை காப்பது மட்டும் ஏறத்தாழ நாற்பது நாள். குஞ்சு பொரித்த பிறகு பழத்தோடு ஓணான், வண்டு, நண்டு, சில சமயம் வேறு பறவையின் குஞ்சு என்று புலால் உணவும் சேரும். பெண் உள்ளே நுழைந்ததிலிருந்து குஞ்சு பறக்கிற வரைக்கும் ஏறத்தாழ நான்கு மாதம். ஆனைமலையில் 1990களின் தொடக்கத்தில் ரகுபதி கண்ணன் என்ற ஆய்வாளர் இந்தப் பறவையின் இனப்பெருக்கத்தை முறையாகப் பதிவு செய்தார். எங்களைப் போன்றவர்கள் கூட்டுக்கு முன்னால் எதைக் குறிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டதெல்லாம் அந்த வகை ஆராய்ச்சிகள் போட்ட பாதையில்தான்.

இனி உங்கள் முதல் கேள்வி. ஆண் செத்தால் பெண் சாகுமா? செய்தி சொல்வதுபோலச் சிறைக்குள் மாட்டிக்கொண்டு சாகாது. கட்டியது அதுதான், உடைக்கவும் அதற்குத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் தானே உடைத்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. ஆனால் செய்தியில் பாதி உண்மையும் இருக்கிறது. அடைபட்டிருக்கும் காலத்தில் பெண் இருவாச்சிகள் சிறகிறகுகளை உதிர்த்துப் புதிதாக முளைக்கவிடுகின்றன. எவ்வளவு உதிரும் என்பது இனத்துக்கு இனம் மாறும். சில இனங்களில் பறக்கவே முடியாத அளவுக்கு ஒரே சமயத்தில் உதிர்ந்துவிடும். அந்த நேரத்தில் ஆண் வராமல் போனால், சுவரை உடைத்து வெளியே வந்தாலும் பிழைப்பது கடினம். முட்டையோ சிறு குஞ்சோ இருந்தால் அது போனதுதான். இறகு முளைத்த பிறகு என்றால் பெண் தப்பிவிடும், குஞ்சைக்கூடத் தனியாக வளர்த்துவிட வாய்ப்பு உண்டு. ஆக, பதில் 'எந்த வாரத்தில்' என்பதைப் பொறுத்தது. 2018-இல் கேரளத்தின் அதிரப்பள்ளிப் பகுதியில் ஆண் இருவாச்சி ஒன்று வண்டியில் அடிபட்டுச் செத்துக் கிடந்தபோது, பறவை ஆர்வலர் ஒருவரும் வனத்துறையினரும் அதன் கூட்டைத் தேடிக் கண்டுபிடித்து, ஏணி வைத்து ஏறி உணவு ஊட்டினார்கள் என்று செய்தித்தாள்களில் வந்தது. வாட்ஸ்அப் கதைக்கு அதுவும் ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம். இது என் ஊகம்.

அந்தச் செய்தியை எழுதியவர் விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. பெரிய இருவாச்சியில் தாயும் குஞ்சும் ஒன்றாக வெளியே வருவதில்லை. குஞ்சு பொரித்துச் சில வாரங்களில் தாய் சுவரை உடைத்துக்கொண்டு வந்துவிடும். குஞ்சின் பசிக்கு ஒருவர் சம்பாத்தியம் போதாது. அப்போது குஞ்சுக்கு முழு இறகுகூட வந்திருக்காது. இருட்டுப் பொந்தில் முதல்முறையாகத் தனியாக இருக்கிறது, வாசலோ திறந்து கிடக்கிறது. அது என்ன செய்யும் தெரியுமா? தன் எச்சத்தையும் சக்கையையும் எடுத்து, தாய் பூசியதுபோலவே, உள்ளேயிருந்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். சுவர் கட்டப்பட்டதை அது பார்த்ததில்லை. அது பிறப்பதற்கு முன்பே கட்டி முடிந்த சுவர் அது. சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை. உடைந்த விளிம்பில் அந்தச் சின்ன அலகு, இன்னும் புடைப்பு வளராத வெறும் அலகு, பக்கவாட்டில் தட்டுவதைத் தொலைநோக்கியில் முதன்முதலாகப் பார்த்த அன்று நோட்டில் நேரத்தைக் குறிக்க மறந்துவிட்டேன். என்னோடு இருந்த ஆய்வாளரும் மறந்துவிட்டார், அதனால் திட்டு விழவில்லை.

அடுத்தது, வாழ்நாள் முழுவதும் ஒரே துணையா என்பது. இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒரே பொந்தில் ஆண்டுதோறும் ஒரு ஜோடி வருகிறது. அது உறுதி, நானே ஒரு மரத்தில் தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே ஜோடிதானா? காட்டு இருவாச்சியின் காலில் வளையம் மாட்டி ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால்தான் அதை அடித்துச் சொல்ல முடியும், அப்படி நடந்திருப்பது மிகக் குறைவு. அலகில் ஒரு விரிசல், புடைப்பில் ஒரு கீறல் என்று அடையாளம் வைத்து, நான் பார்த்த ஆண் குறைந்தது ஐந்து ஆண்டுகள் அதே ஆண் என்று சொல்வேன். பெண்ணைப் பற்றி அவ்வளவு உறுதி இல்லை, அது பொந்துக்குள் இருக்கிற பறவை. நெடுங்காலம் வாழ்கிற இனம் என்பது மட்டும் தெளிவு. மும்பையில் பாம்பே இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் அலுவலகத்தில் வில்லியம் என்று பெயரிட்ட ஒரு பெரிய இருவாச்சி 1894 முதல் 1920 வரை வாழ்ந்தது. சங்கத்தின் கட்டடத்துக்கே இன்று இருவாச்சியின் பெயர்தான்.

துரோகம் உண்டா என்றும் அடைப்புக்குறிக்குள் கேட்டிருந்தீர்கள், சிரிப்புக் குறியோடு. சிரிக்க வேண்டாம், விஞ்ஞானிகளும் அதைத்தான் கேட்டார்கள். பறவைகளில் பெரும்பாலானவை ஜோடியாகவே குஞ்சு வளர்க்கும். ஆனால் 1980களின் இறுதியிலிருந்து டி.என்.ஏ. சோதனை வந்ததும், ஊரே மெச்சிய பல ஜோடிகளின் கூட்டில் வேறு தந்தைக்குப் பிறந்த குஞ்சுகள் இருப்பது தெரியவந்தது. நமீபியாவில் வாழும் மான்டெய்ரோ இருவாச்சி என்ற இனத்தை இப்படிச் சோதித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில் அப்படி ஒரு குஞ்சும் அகப்படவில்லை. ஓர் இனத்தைப் பற்றிய ஓர் ஆய்வு அது. நம் மலைப் பறவைக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சான்றிதழ் தரமாட்டேன். ஆனாலும் யோசித்துப் பாருங்கள், மாதக்கணக்கில் தொண்டை நிறையப் பழம் சுமக்கிற ஒரு பறவைக்கு வேறு கூடு தேடிப் போக நேரம் ஏது?

ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் நேர்மையாகப் பதில் சொன்னதாக ஆகாது. சிங்கப்பூரில் வேறொரு இருவாச்சி இனத்துக்காகக் கூட்டுப் பெட்டிகள் வைத்து, உள்ளே கேமரா பொருத்திக் கவனித்தார்கள். தாயே தன் குஞ்சுகளில் கடைசியாகப் பொரித்ததைக் கொன்று தின்றது பதிவாகியிருக்கிறது. காட்டில் நாம் பார்ப்பது சுவருக்கு வெளியே நடப்பதை மட்டும். திருமண நாளுக்கு அனுப்புகிற செய்தியில் இதை யாரும் சேர்க்கமாட்டார்கள், சேர்க்கவும் வேண்டாம்.

சரி, காதலா? 'வெறும் சுபாவமா' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'வெறும்' என்கிற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. பறவையின் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லும் கருவி எதுவும் கிடையாது. இருக்கிறது என்று சொல்கிறவரும் இல்லை என்று சாதிக்கிறவரும் தங்கள் நம்பிக்கையைத்தான் சொல்கிறார்கள். எங்களுக்குக் கூடு காட்டியவர் காடர் இனத்துப் பெரியவர் ஒருவர், மூப்பர் என்று கூப்பிடுவோம். இளவயதில் இருவாச்சிக் குஞ்சைக் கூட்டிலிருந்து எடுத்துத் தின்றவர்தான், அதை அவர் மறைத்ததில்லை. மழைக்கு ஒதுங்கியிருந்த ஒரு நாள் அவரிடம் கேட்டேன்: "மூப்பரே, அந்த ஆணுக்குப் பெண் மேல் பாசம் இருக்கும் என்று நினைக்கிறீர்களா?" அவர் வெற்றிலையை மென்று முடிக்கும்வரை பதில் சொல்லவில்லை. பிறகு, "அது ஒரு நாள் மரப்பட்டையைக் கொண்டுவந்து கொடுத்ததே, பார்த்தாயா தம்பி? அதைத் தின்ன முடியாது" என்றார்.

பார்த்திருந்தேன். பழமெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, ஆண் ஒரு பட்டைத் துண்டை அலகில் கொண்டுவந்து கீற்றில் நீட்டியது. பெண் வாங்கிக்கொண்டது. ஆண் இருவாச்சிகள் இப்படி உணவல்லாத பொருள்களைக் கொண்டுவருவதை வேறு பலரும் குறித்திருக்கிறார்கள். பொந்தின் தரைக்குப் படுக்கையாகவோ, சுவர் பூச்சில் சேர்க்கவோ இருக்கலாம் என்று விளக்கம் சொல்கிறார்கள். அந்த விளக்கம் எனக்கும் சரியாகவே படுகிறது. இருந்தாலும் மூப்பர் பட்டையைச் சொல்லி நிறுத்திக்கொண்டதும், நானும் அதற்குமேல் கேட்காததும் சரி என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

சிலிர்ப்பு போய்விடுமோ என்ற உங்கள் பயம் எனக்கும் இருந்தது. அந்த நீராவி ரயில் சத்தத்தைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். மேகத்துக்குள்ளிருந்து வரும், பறவை தெரியாது. லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் வெளியே ஓடிவந்து நிற்போம். பிறகு ஒருவர் விளக்கினார்: மற்றப் பறவைகளுக்குச் சிறகிறகின் அடிப்பகுதியை மூடிக்கொண்டு சிற்றிறகுகள் இருக்கும், இருவாச்சிக்கு அவை சரியாக மூடுவதில்லை, அந்த இடுக்குகள் வழியாகக் காற்று பீறிடுவதால்தான் சத்தம். அவ்வளவு பெரிய அலகைத் தாங்கக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் ஒன்றாக இணைந்திருக்கின்றன, பறவை உலகிலேயே இப்படி இருவாச்சிக்கு மட்டும்தான் என்றும் சொன்னார். கழுத்திலும் அலகிலும் இருக்கும் மஞ்சள்கூட வால் அடியில் இருக்கும் சுரப்பியின் எண்ணெயை அதுவே தேய்த்துப் பூசிக்கொள்கிற சாயமாம். இவையெல்லாம் தெரிந்து எத்தனையோ ஆண்டு ஆகிறது. இன்றும் அந்தச் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன். வீட்டில் இருப்பவர்கள் இதைக் கேலி செய்வதையே நிறுத்திவிட்டார்கள்.

கதை பொய் என்று தெரிந்ததால் யாருக்கும் அந்தப் பறவை மேல் அக்கறை குறைந்ததாகவும் நான் பார்க்கவில்லை. கேரளத்தின் வாழச்சால் காட்டில் காடர்களே வனத்துறையோடு சேர்ந்து கூடுகளைக் காவல் காக்கிறார்கள். அருணாசலப் பிரதேசத்தின் பக்கே காட்டை ஒட்டிய ஊர்களில் நிஷி இனத்தவர் கூடுகளைக் காக்கிறார்கள். அவர்களுடைய தலைப்பாகையில் உண்மையான இருவாச்சி அலகுக்குப் பதில் கண்ணாடி இழையால் செய்த அலகைச் செருகும் வழக்கமும் வந்திருக்கிறது. இவர்களுக்குப் பறவையை நன்றாகவே தெரியும், பிடித்துத் தின்றதும் தெரியும்.

கணவரோடு வந்து பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாம். ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை யாராவது 'கூடு காட்டுகிறேன்' என்று பணம் கேட்டால் போகாதீர்கள். நீங்கள் மரத்தடியில் நிற்கிற நேரமெல்லாம் ஆண் பக்கத்து மரத்தில் தொண்டை நிறையப் பழத்தோடு காத்திருக்கும். பழுத்த அத்தி மரம் ஒன்றைத் தூரத்திலிருந்து பார்த்தாலே போதும், இருவாச்சிகள் தானாக வரும். கூட்டு மரத்தையே பார்க்க வேண்டும் என்றால் ஜூன் கடைசியில் வாருங்கள், வனத்துறை அனுமதியோடு நானே கூட்டிப்போகிறேன். பொந்து காலியாக இருக்கும், மழையில் பூச்சு கரைந்து வாசல் திறந்து கிடக்கும். அண்ணாந்து பார்த்துவிட்டுக் கீழேயும் பாருங்கள். பெண் கீற்று வழியாகத் துப்பிய கொட்டைகளெல்லாம் அந்த மழைக்கு முளைத்திருக்கும்: காட்டு ஜாதிக்காய், குங்கிலியம், எனக்குப் பெயர் தெரியாத இன்னும் இரண்டு மூன்று. போன ஆண்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினேன், எழுபதைத் தாண்டியபோது மழை வலுத்துவிட்டது.